கூட்டமும் சீடரும்

வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்பு நோக்கிச் செல்லும் பேருந்து ஏறாவூரை நெருங்கும்போதெல்லாம் என் மனம் ஒரு ஸ்கூட்டர் வண்டியைத் தேடும். 1990ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15ஆம் நாள் அவ்வண்டியில் இதே வீதியால் வந்துகொண்டிருந்த இயேசு சபைத் துறவி யூஜின் ஹேபர்ட் அடிகளாரும், உடன்வந்த தமிழ் இளைஞர் ஒருவரும் இவ்வூர்ப் புறத்தே காணாமற் போயினர். இன்றுவரை அவர்கள் திரும்பவில்லை.

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்திற் பிறந்த அடிகளார், 1948இல் இலங்கைக்கு வந்தவர். புனித மிக்கேல் கல்லூரியில் ஆசிரியராயிருந்து மாணவருக்குக் கூடைப்பந்தாட்டம் பயிற்றியவர். போர் மூண்ட பின்னர் மட்டக்களப்புச் சமாதானக் குழுவிற் சேர்ந்து உழைத்தார். அவர் அவ்வழியே வந்த காலத்தையும் எண்ணிப் பார்க்கவேண்டும். சில நாள்களுக்கு முன்னரே ஏறாவூர் முஸ்லிம் மக்கள் நூற்றுக்கு மேற்பட்டோர் விடுதலைப் புலிகளாற் கொல்லப்பட்டிருந்தனர். பழிக்குப் பழியாகத் தமிழரும் மாண்டுகொண்டிருந்தனர். அந்த வீதியின் ஆபத்தை அவர் அறியாதவர் அல்லர், அறிந்தே வந்தார்.

இக்காலத்தில் திருச்சபையின் வளர்ச்சியைக் கதிரைகளின் எண்ணிக்கையால் அளக்கும் வழக்கம் எங்கும் பரவிவருகிறது. தென்கொரியாவின் சியோல் நகரில் 1958இல் ஒரு கூடாரத்தில் தொடங்கிய சபை, பின்னர் ஏழு இலட்சம் அங்கத்தவரைக் கொண்டதாகச் சொல்லப்பட்டது. அதன் நிறுவுநரான போதகர், சபைக்கு நிதியிழப்பு ஏற்படுத்திய குற்றத்துக்காக 2014இல் நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டார். சிக்காகோவுக்கு அண்மையிலுள்ள வில்லோ கிரீக் என்னும் பெருஞ்சபையோ 2007இல் தன்னைத்தானே ஆராய்ந்தது. நிகழ்ச்சிகளில் மிகுதியாகக் கலந்துகொள்வதால் மட்டும் ஒருவரிடம் இறையன்பும் பிறரன்பும் வளர்ந்துவிடுவதில்லை என்று கண்டு, அதனை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. அந்த நேர்மையை நான் மதிக்கிறேன்.

பெருங்கூட்டம் என்பதனாலேயே அதனைப் பழித்தலும் முறையன்று. போரிலும் 2004ஆம் ஆண்டின் கடற்கோளிலும் உற்றாரை இழந்து தனித்து நின்றவர்க்குப் பலரோடு சேர்ந்து அழுதலும் பாடுதலும் மருந்தாகும். 2019ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் குண்டுவெடிப்பிற் பலியான சிறார்களை நினைக்கையில், கூடித் தொழுவோரை எளிதாகக் குறைகூற எவர்க்கு நா எழும்?

ஆயினும் லூக்கா எழுதிய நற்செய்தியின் 14ஆம் அதிகாரத்தை நாம் மறத்தல் ஆகாது. திரளான மக்கள் தம் பின்னே வரக் கண்ட இயேசு, அத்தொகையைக் கண்டு மகிழ்ந்தாரில்லை. திரும்பி நின்று சிலுவையைப் பற்றிப் பேசினார். கோபுரம் கட்ட நினைப்பவன் முதலில் அமர்ந்து செலவைக் கணக்கிடவேண்டும் என்றார். நாமோ கோபுரத்துக்கு ஆகும் செலவைக் கணக்கிடுகிறோம். சீடனாவதற்கு ஆகும் செலவைக் கேட்பதே இல்லை. கேட்டாற் கூட்டம் குறைந்துவிடுமோ என்று அஞ்சுகிறோம் போலும்!

எத்தனை பேர் உள்ளே வந்தனர் என்று சபைகள் ஏட்டிற் குறித்துக்கொள்ளட்டும், அதிலே தவறில்லை. அவர்களுள் எத்தனை பேர், அயலவன் அஞ்சி வாழும் தெருவுக்கு வெளியே புறப்பட்டுப் போயினர் என்றும் அருகில் ஒரு வரி எழுதட்டும். 1990இல் அந்த வரியில் எழுதத்தக்கவர் இருவர், ஒரு ஸ்கூட்டரில், ஏறாவூர் வழியே வந்துகொண்டிருந்தனர்.