அம்மா வீட்ல இல்லாத அந்த சாயங்காலம்

மகள் சர்ச் நூலகத்திலிருந்து ஒரு புத்தகம் எடுத்துட்டு வந்தாள்: 'லெஃப்ட் பிஹைண்ட்: த கிட்ஸ்'. அட்டையைப் பார்த்ததுமே எனக்கு என் பதினோரு வயசு ஞாபகம் வந்துடுச்சு.

டிம் லஹேயும் ஜெரி ஜென்கின்ஸும் எழுதிய இந்த வரிசையின் முதல் நாவல் 1995-ல் வந்தது. லண்டன் போகும் விமானத்தில் பயணிகள் சிலர் திடீர்னு மறைஞ்சுடுவாங்க. உடுத்திய துணி மட்டும் சீட்டில் கிடக்கும். நம்ம சபைகளில் 'இரகசிய வருகை' என்பார்களே, அதுதான் கரு. அப்புறம் அந்திக்கிறிஸ்து, ஏழு வருட உபத்திரவம். பெரியவர்களுக்கு 16 நாவல்கள், பிள்ளைகளுக்குத் தனியாக 40.

கீழே வைக்க முடியாத விறுவிறுப்பு. ஆனா ஒருநாள் ஸ்கூல் விட்டு வந்தா வீடு காலி. அடுப்பில் சாம்பார் சூடா இருக்கு, அம்மாவோட ஹேண்ட்பேக் சோபாவில். 'என்னை மட்டும் விட்டுட்டுப் போயிட்டாங்க'ன்னு அழுதேன். அம்மா பக்கத்து வீட்டில்தான் இருந்தாங்க. அந்தப் பயத்தை நான் யாரிடமும் சொன்னதேயில்லை.

அதனால மகளிடமிருந்து புத்தகத்தைப் பிடுங்கவில்லை, சேர்ந்து படிக்கிறோம். இது ரெண்டு பேர் எழுதிய கதை, வேதம் இல்லைன்னு சொன்னேன். இந்த விளக்கத்தை 1830-களில் பரப்பியவர் ஜான் நெல்சன் டார்பி. கத்தோலிக்கர் உட்படப் பல சபையினர் இப்படிப் போதிப்பதில்லை என்றும் சொன்னேன்.

நேத்து ராத்திரி கேட்டாள்: "நான் வரும்போது நீங்க வீட்ல இருப்பீங்களாம்மா?"

"இல்லேன்னா ஃபிரிட்ஜ்ல சீட்டு ஒட்டிட்டுப் போறேன்டா."

உங்க பிள்ளையும் இதைப் படிக்குதா? 'கதை நல்லா இருந்துச்சா'ன்னு மட்டும் கேட்காதீங்க. 'பயமா இருந்துச்சா'ன்னும் கேளுங்க.