இடைவெளியும் ஓர் ஆசான்

மாலை வேளையில் பல வீடுகளில் ஒரே சமயத்தில் இரண்டு மூன்று பாடங்கள் நடைபெறுகின்றன. மூத்த பெண் சுருதிப் பெட்டியை அருகில் வைத்துக்கொண்டு வரிசை பாடுகிறாள். அவளுடைய தம்பி பதினாறாம் வாய்ப்பாட்டை உரக்க ஒப்பிக்கிறான். வாசலில் தாத்தா வீட்டு நாய்க்கு "உட்கார்" என்றால் உட்காரக் கற்றுக் கொடுக்கிறார். மூன்றும் வெவ்வேறு பாடங்கள். ஆனால் மூன்றிலும் ஒரே குறை எழுகிறது: "நேற்று நன்றாக வந்ததே, அதற்குள் மறந்துவிட்டதா?"

இந்தக் குறையை வைத்துச் சில வீடுகளில் பெரிய முடிவுகள் எடுக்கப்படுகின்றன. "இவளுக்குச் சங்கீத ஞானம் இல்லை" என்று பாட்டு வகுப்பை நிறுத்திவிடுகிறார்கள். "இவனுக்குக் கணக்கு வராது" என்று முத்திரை குத்திவிடுகிறார்கள். குழந்தையும் அதை நம்பிவிடுகிறது. இந்த முடிவுகளுக்கு ஆதாரம் உண்டா? ஒரு நாள் வந்தது மறுநாள் மறந்து போனால், கற்கும் ஆற்றல் இல்லை என்று பொருளா? அல்லது பழகிய முறையில் குறை இருந்திருக்குமா? இந்தக் கேள்விகளுக்கு விஞ்ஞானம் தெளிவான விடை தருகிறது.

தன்னையே சோதித்த அறிஞர்

மறதியை முதன்முதலில் அளந்து பார்த்தவர் ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் எபிங்ஹாஸ். அவருடைய ஆராய்ச்சி நூல் 1885ஆம் ஆண்டில் வெளிவந்தது. சோதனைக்கு அவர் வேறு யாரையும் தேடிப் போகவில்லை. தன்னையே சோதனைப் பொருளாக்கிக் கொண்டார். பொருளுள்ள சொற்களை எடுத்தால் முன்பே தெரிந்தவை எளிதில் மனத்தில் பதிந்துவிடும் அல்லவா? எனவே பொருளே இல்லாத சுமார் 2,300 அசைகளை உருவாக்கி, அவற்றை வரிசை வரிசையாக மனப்பாடம் செய்தார். சிறிது காலம் கழித்து அதே வரிசையை மீண்டும் மனப்பாடம் செய்யும்போது எவ்வளவு உழைப்பு மிச்சமாகிறது என்று கணக்கிட்டார்.

முதலில் கற்ற ஒரு மணி நேரத்திற்குப் பின் சுமார் 44 விழுக்காடு உழைப்பே மிச்சமாயிற்று. ஒரு நாளுக்குப் பின் அது சுமார் 34 விழுக்காடாகக் குறைந்தது. ஆனால் ஒரு மாதம் கழித்தும் சுமார் 21 விழுக்காடு மிச்சமானது. அதாவது மறதி தொடக்கத்தில் மிக வேகமாகவும் பிறகு மெதுவாகவும் நடக்கிறது. ஆகவே மறுநாளே பாதிக்கு மேல் மறந்துபோவது குழந்தையின் குறையன்று. அறிவிற் சிறந்த ஆராய்ச்சியாளருக்கும் அதுவே நேர்ந்தது!

அவர் கண்ட மற்றோர் உண்மை இன்னும் முக்கியமானது. 12 அசைகள் கொண்ட ஒரு வரிசையை ஒரே நாளில் 68 முறை படித்ததால் கிடைத்த பயன், மூன்று நாட்களுக்குப் பிரித்து மொத்தம் 38 முறை படித்தபோதே கிடைத்துவிட்டது. படிப்பைத் துண்டு துண்டாகப் பிரித்து நடுவில் இடைவெளி விட்டதால், ஏறக்குறைய பாதி உழைப்பு மிச்சமாயிற்று.

அஞ்சல் ஊழியர்களும் நாய்களும்

பொருளற்ற அசைகளுக்குப் பொருந்துவது கைப்பழக்கத்திற்கும் பொருந்துமா? பிரிட்டனில் கடிதங்களைப் பிரிக்கும் இயந்திரங்கள் வந்தபோது, அஞ்சல் ஊழியர்களுக்குத் தட்டச்சுப் பழக்க வேண்டியிருந்தது. பாட்லி, லாங்மன் என்ற இரு உளவியலறிஞர்கள் ஊழியர்களை நான்கு குழுக்களாகப் பிரித்தனர். ஒரு குழு நாளுக்கு ஒரு மணி நேரம் மட்டும் பழகியது. மற்றொன்று நாளுக்கு நான்கு மணி நேரம் பழகியது. மற்ற இரண்டும் நாளுக்கு இரண்டு மணி நேரம் பழகின. 1978இல் அவர்கள் வெளியிட்ட முடிவு இது: நான்கு மணிக் குழு 80 மணி நேரத்தில் அடைந்த திறமையை, ஒரு மணிக் குழு 55 மணி நேரத்திலேயே அடைந்துவிட்டது.

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. மிகச் சிக்கனமாகக் கற்ற ஒரு மணிக் குழுவினர்தாம் தங்கள் பயிற்சியில் மிகக் குறைந்த மனநிறைவு கொண்டிருந்தனர்! மற்றவர்கள் முந்திச் செல்வதாகவும் தாங்கள் பின்தங்குவதாகவும் அவர்களுக்குத் தோன்றியது. நாட்கணக்கில் பார்த்தால் அதுவும் உண்மைதான்; 80 மணி நேரத்தை அந்தக் குழு 20 நாட்களில் முடித்துவிடும், 55 மணி நேரத்திற்கு இந்தக் குழுவுக்கு 55 நாட்கள் வேண்டும். ஆனால் செலவிட்ட ஒவ்வொரு மணிக்கும் கிடைத்த பயனைப் பார்த்தால், ஒரு மணிக் குழுவே வென்றது. நமக்கு எப்படித் தோன்றுகிறது என்பது, நாம் எவ்வளவு கற்றோம் என்பதற்குச் சரியான அளவுகோல் அன்று.

நாய்க்கும் இதுவே விதி. டென்மார்க்கைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் 2008இல் பீகிள் இன நாய்களைக் கொண்டு ஒரு சோதனையை வெளியிட்டனர். தரையில் வைத்த சிறு விரிப்பின் மீது முன்னங்காலை வைக்க நாய்கள் கற்க வேண்டும். சில நாய்களுக்கு வாரம் ஐந்து பாடம். சிலவற்றுக்கு வாரம் ஒரே பாடம். வாரம் ஒரு முறை பழகிய நாய்கள் குறைவான பாடங்களிலேயே கற்றுக்கொண்டன.

நரம்பணுக்களில் நடப்பது என்ன?

அசை, தட்டச்சு, நாயின் முன்னங்கால் எல்லாவற்றுக்கும் ஒரே விதி பொருந்துகிறது என்றால், அதற்கான காரணம் நரம்பு மண்டலத்தின் அடிப்படையிலேயே இருக்க வேண்டும். இதை ஆராய, எரிக் கேண்டல் என்ற அமெரிக்க விஞ்ஞானி கடல் முயல் எனப்படும் பெரிய கடல் நத்தையைத் தேர்ந்தெடுத்தார். அதன் நரம்பணுக்கள் மிகப் பெரியவை, எண்ணிக்கையிலும் குறைவு.

இந்த நத்தையை மெல்லத் தொட்டால் தன் செவுளை உள்ளே இழுத்துக்கொள்ளும். தீங்கில்லாத தொடுகை திரும்பத் திரும்ப நேர்ந்தால், பழகிப்போய் இழுப்பதைக் குறைத்துவிடும். வயலின் ஒலியைப் புதிதாகக் கேட்டுக் குரைக்கும் வீட்டு நாய், சில நாட்களில் அதே ஒலிக்கு நடுவே சுருண்டு படுத்துறங்குவதும் இத்தகைய கற்றலே. நாளுக்கு 10 முறை வீதம் நான்கு நாட்கள் தொட்டபோது, நத்தையின் நினைவு மூன்று வாரங்கள் வரை நீடித்தது. அதே 40 தொடுகைகளையும் ஒரே மூச்சில் கொடுத்தபோது நினைவு அவ்வளவு நிலைக்கவில்லை. கேண்டலும் அவருடைய குழுவினரும் இதை 1972இல் வெளியிட்டனர்.

பிற்காலச் சோதனைகள் காரணத்தையும் காட்டின. ஓர் நரம்பணுவும் மற்றொரு நரம்பணுவும் செய்தி மாற்றிக்கொள்ளும் இடத்தை நரம்புச் சந்தி என்கிறோம். சில நிமிடங்களே நிற்கும் நினைவுக்கு, அச்சந்தியில் முன்பே உள்ள புரதங்களில் சிறு மாற்றம் ஏற்பட்டால் போதும். நாட்கணக்கில் நிற்கும் நினைவுக்கோ, நரம்பணுவின் உட்கருவிலுள்ள மரபணுக்கள் செயற்பட்டுப் புதிய புரதங்கள் உருவாக வேண்டும். புதிய சந்திகள் முளைக்க வேண்டும். இது கட்டட வேலை போன்றது. முதல் பூச்சு காயுமுன் அடுத்த பூச்சைப் பூசினால் சுவர் நிற்குமா? நரம்பணுவுக்கும் தன் வேலையை முடிக்க அவகாசம் வேண்டும். நினைவு பற்றிய ஆராய்ச்சிக்காக 2000ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைக் கேண்டல் மற்ற இருவருடன் பகிர்ந்துகொண்டார்.

உறக்கமும் முயற்சியும்

இடைவெளியில் இரவு உறக்கமும் சேர்ந்தால் இன்னும் நன்று. 2002இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் சிலர், வலக்கைப் பழக்கமுள்ளவர்களை இடக்கை விரல்களால் ஐந்து தட்டல்கள் கொண்ட ஒரு வரிசையைப் பழகச் செய்தனர். ஓர் இரவு உறங்கி எழுந்தபின், மேலும் பழகாமலேயே அவர்களுடைய வேகம் சுமார் 20 விழுக்காடு கூடியிருந்தது. பகலில் அதே அளவு நேரம் விழித்திருந்தவர்களிடம் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இல்லை. இந்த முன்னேற்றத்தில் ஒரு பகுதி, விரல்களின் களைப்பு நீங்கியதால் வந்தது என்று பின்னர் வேறு சிலர் எடுத்துக் காட்டினர். எனினும் கற்றதை நிலைப்படுத்துவதில் உறக்கத்திற்குப் பங்கு உண்டு என்பது பல சோதனைகளில் தெரிந்துள்ளது. தேர்வுக்கு முந்தைய இரவு கண்விழித்துப் படிக்கும் மாணவர், படித்ததை நிலைக்கச் செய்யும் நேரத்தையே செலவழித்து விடுகிறார்.

இடைவெளியால் வரும் மற்றொரு நன்மை, சிறிது மறந்ததைத் தேடி எடுக்கும் முயற்சி. ரோடிகர், கார்ப்பிக்கி ஆகியோர் 2006இல் வெளியிட்ட ஒரு சோதனையில், ஒரு பிரிவு மாணவர்கள் ஓர் உரைப்பகுதியை நான்கு முறை படித்தனர். மற்றொரு பிரிவினர் ஒரு முறை மட்டும் படித்துவிட்டு, பாராமல் நினைவிலிருந்து மூன்று முறை எழுதினர். ஐந்து நிமிடங்களில் சோதித்தபோது படித்தவர்களே முன்னணியில் இருந்தனர்: 83 விழுக்காடு, 71 விழுக்காடு. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழாயிற்று. படித்தவர்கள் 40 விழுக்காட்டுக்கு இறங்கிவிட, நினைவிலிருந்து எழுதியவர்கள் 61 விழுக்காட்டில் நின்றனர். மறந்ததைத் தேடும்போது குழந்தை திணறுவது தோல்வி அன்று. நினைவு வலுப்பெறும் நேரமே அதுதான்.

நம் இசைப் பயிற்சி முறை

கருநாடக இசையின் தொடக்கப் பாடங்களை இந்தக் கண்ணோடு பார்ப்பது சுவையானது. சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம் என்று படிப்படியாகச் செல்லும் இம்முறையை வகுத்தவர் புரந்தரதாசர் என்பது மரபு. மாயாமாளவகௌளை இராகத்தின் அதே ஏழு சுரங்கள் ஒவ்வொரு வரிசையிலும் புதிய கோவையில் திரும்பி வருகின்றன. ஆகவே முந்தைய பாடம் மறைவதில்லை. வேறு உருவில் மீண்டும் சந்திக்கிறது. புதிய பாடத்திற்கு முன் பழைய வரிசைகளைப் பாடச் சொல்லும் ஆசிரியரும், தெரிந்தோ தெரியாமலோ, இடைவெளி விட்டு மீட்டெடுக்கும் முறையையே கையாளுகிறார். முதற்காலத்தில் நிதானமாகப் பாடிய பிறகே இரண்டாம், மூன்றாம் காலங்களுக்குச் செல்வதும் பொருத்தமானதே. வேகமாகப் பாடினால் பிழையும் சேர்ந்து பழகிவிடும். பழகிய பிழையை நீக்குவது புதிதாகக் கற்பதைவிடக் கடினம்.

வீட்டில் செய்ய வேண்டியவை

ஞாயிறு அன்று மூன்று மணி நேரம் உட்கார வைப்பதற்குப் பதிலாக, நாள்தோறும் 20 அல்லது 25 நிமிடம் பாடச் செய்யலாம். மொத்த நேரம் ஏறக்குறைய ஒன்றே. அந்த நேரத்திலும் ஒரே சங்கதியை நாற்பது முறை தொடர்ந்து பாடாமல், ஐந்தாறு முறை பாடி, வேறொரு பாடத்துக்குப் போய், மீண்டும் அதற்கே திரும்பி வரலாம். வாய்ப்பாட்டைப் பார்த்துப் படிப்பதைக் குறைத்து, கேள்வி கேட்டு விடை சொல்லச் செய்யலாம். நாய்க்குச் சில நிமிடப் பாடமே போதும். அது சலிப்பதற்கு முன் நிறுத்திவிடுவது நல்லது.

இடைவெளி எவ்வளவு இருக்க வேண்டும்? அது எவ்வளவு காலம் நினைவிருக்க வேண்டும் என்பதைப் பொறுத்தது. 1,300க்கு மேற்பட்டவர்களைச் சோதித்து 2008இல் வெளியிடப்பட்ட ஓர் ஆராய்ச்சியின்படி, 7 நாட்களில் தேர்வு என்றால் இரு படிப்புகளுக்கும் நடுவே ஒரு நாள் இடைவெளி சிறந்தது. 350 நாட்கள் கழித்துத் தேர்வு என்றால் 21 நாள் இடைவெளி சிறந்தது. ஆயினும் இடைவெளி மட்டும் எதையும் கற்றுத் தராது. பொருள் விளங்காத பாடத்தையும், சுருதி விலகிய பாட்டையும் முதலில் ஆசிரியர் திருத்த வேண்டும். திருத்தியதை நிலைக்கச் செய்வதே இடைவெளியின் வேலை.

நீங்களே செய்து பாருங்கள்

உங்களுக்குத் தெரியாத 20 ஆங்கிலச் சொற்களைப் பொருளுடன் எழுதி, பத்துப் பத்தாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதற் பத்தைத் திங்கள், புதன், வெள்ளி ஆகிய நாட்களில் 10 நிமிடம் வீதம் படியுங்கள். இரண்டாம் பத்தை வெள்ளியன்று மட்டும் 30 நிமிடம் படியுங்கள். இரண்டின் கடைசிப் படிப்பும் ஒரே நாளில் முடிவதைக் கவனியுங்கள். இல்லாவிட்டால் ஒப்பீடு நேர்மையாகாது. பிறகு பத்து நாட்கள் அவற்றைத் தொடாதீர்கள். பதினோராம் நாள் யாரையாவது கேள்வி கேட்கச் சொல்லி, எந்தப் பத்தில் எத்தனை நினைவிருக்கின்றன என்று எண்ணுங்கள். நண்பர்கள் பலர் செய்து முடிவுகளைச் சேர்த்துப் பார்த்தால் இன்னும் நம்பகமாக இருக்கும்.

இனி ஒரு குழந்தைக்குப் பாட்டோ கணக்கோ வராது என்று தீர்மானிக்குமுன், அதை எப்படிப் பழக்கினோம் என்று நாம் கேட்டுக்கொள்ள வேண்டும். எத்தனை நாட்களாகப் பிரித்தோம்? நடுவில் உறக்கம் இருந்ததா? மறந்ததைத் தேட அவகாசம் தந்தோமா? இவற்றுக்கெல்லாம் விடை கண்ட பிறகும் முடிவு சொல்ல அவசரம் இல்லை. ஒரு நாள் மாலையில் காணும் திறமை குறைத்தும் காட்டும், மிகைத்தும் காட்டும். இரண்டு மூன்று மாதங்கள் பொறுத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.