விட்டு விட்டு வரும் கோளாறு

காரைக்காலில் என் மாணவர் ஒருவரின் தந்தை பழைய டீசல் லாரி ஒன்று வைத்திருக்கிறார். மீன்பிடித் துறைமுகத்திலிருந்து ஐஸ் போட்ட மீனைக் கும்பகோணம், தஞ்சாவூர்ச் சந்தைகளுக்கு ஏற்றிச் செல்வது அவர் தொழில். அந்த லாரிக்கு ஒரு விசித்திர நோய். சில விடியற்காலைகளில் சாவியைத் திருப்பினால் செல்ஃப் மோட்டார் 'டக்' என்ற சத்தத்தோடு நின்றுவிடும். பத்து நிமிடம் கழித்து ஒன்றுமே நடவாததுபோல் எடுத்துக்கொள்ளும். இரவில் ஹெட்லைட் மங்கும். பாலம் ஏறும்போது (டெல்டாவில் ஏற்றம் என்றால் பாலம்தானே!) வண்டி இழுக்காமல் திணறும். வழியில் நின்றால் ஐஸ் காத்திருக்குமா?

கடன் வாங்கி இரண்டு புதுப் பாட்டரிகள் போட்டார். ஒரு மாதத்தில் பழைய கதைதான். அடுத்து டீசல் பம்பைக் கழற்ற வேண்டும் என்றார் மெக்கானிக். கையில் பணமில்லாத அந்த வேளையில்தான், "சார், நீங்க கரண்ட் பாடம்தானே நடத்துறீங்க, கொஞ்சம் வந்து பாருங்களேன்" என்று என்னைக் கூப்பிட்டார்.

நான் போனபோது மெக்கானிக் பாட்டரியில் வோல்ட்மீட்டரை வைத்துக் காட்டினார். 25 வோல்ட். செல்ஃப் மோட்டாரின் முனைக்கும் என்ஜினுக்கும் இடையே ஒரு பல்பை இணைத்தார். பளிச்சென்று எரிந்தது. "பாருங்க சார், கரண்ட் ஒழுங்கா வருது. செல்ஃப்தான் போச்சு."

மாணவர்களே, இங்கேதான் ஏமாறுகிறோம். ஜார்ஜ் ஓம் 1827-இல் வெளியிட்ட விதியை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். மின்தடையில் இழக்கப்படும் மின்னழுத்தம், அதன் வழியே ஓடும் மின்னோட்டத்தைப் பொறுத்தது. எங்கோ ஓர் இணைப்பில் 0.02 ஓம் தடை இருப்பதாகக் கொள்வோம். பல்பு இழுப்பது சுமார் 3 ஆம்பியர். இழப்பு 0.06 வோல்ட், பல்புக்கு அது தெரியவே தெரியாது. செல்ஃப் மோட்டாரோ சில நூறு ஆம்பியர் கேட்கும். 250 என்று வைத்தால் இழப்பு 5 வோல்ட்! அந்தச் சின்ன இணைப்பில் 1250 வாட் வெப்பம் பிறக்கிறது. இஸ்திரிப் பெட்டிக்குப் போதுமான வெப்பம். வோல்ட்மீட்டர் பல்பைவிடப் பெரிய ஏமாற்றுக்காரன். அது இழுக்கும் மின்னோட்டம் மிக மிகச் சொற்பமாதலால், வழியில் 1000 ஓம் தடை இருந்தாலும் முழு 25 வோல்ட்டையே காட்டும்.

ஆகவே சோதனையைச் சுமையோடு செய்ய வேண்டும். கியரை நியூட்ரலில் வைத்து, என்ஜின் ஓடிவிடாதபடி டீசலை நிறுத்தும் கம்பியை இழுத்துப் பிடிக்கச் சொன்னேன். வோல்ட்மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் எதிர்முனையிலும், மற்றதை என்ஜின் இரும்பிலும் வைத்தேன். சும்மா இருக்கையில் சுழி. செல்ஃப் போட்டதும் முள் 5 வோல்ட்டுக்குத் தாவியது. அரை வோல்ட்டுக்கு மேல் போகவே கூடாது. பிறகு பாதையை இரண்டாகப் பிரித்தேன். பாட்டரிக்கும் சேஸிஸுக்கும் இடையே இழப்பு மிகக் குறைவு. சேஸிஸுக்கும் என்ஜினுக்கும் இடையேதான் ஏறக்குறைய முழுவதும்!

லாரியில் என்ஜின் ரப்பர் கட்டைகள்மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. எனவே செல்ஃப் மோட்டாருக்குப் போன மின்னோட்டம் திரும்பி வர ஒரு செம்புப் பட்டையே வழி. வெளியே பார்க்க அது நன்றாகத்தான் இருந்தது. போல்ட்டைக் கழற்றினால் அடியில் துரு, பச்சைக் களிம்பு. செம்பும் இரும்பும் உப்பு நீரில் நனைந்தால் அதுவே ஒரு சிறு மின்கலம். அதில் இரும்பு கரைகிறது. சாதாரண உப்பு, ஒப்பு ஈரப்பதம் சுமார் 75 சதவிகிதத்தைத் தாண்டினால் காற்றிலிருந்தே நீரை உறிஞ்சிக் கரையும். நம் கடற்கரையில் எந்த விடியற்காலைக்கு அந்த ஈரம் இல்லை? (காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம் மண்டபம் கடற்கரையில் உலோகங்களைக் காற்றுபட வைத்து அரிமானத்தை அளந்திருக்கிறது. காரைக்குடி வேறு, எங்கள் காரைக்கால் வேறு!) துருப்பிடித்த இணைப்பு ஓட்டத்தின் அதிர்விலும் சூட்டிலும் ஒரு நேரம் தொடும், ஒரு நேரம் விடும். பாட்டரிக்கு மின்னேற்றும் ஆல்டர்னேட்டரும் என்ஜினில்தான் இருக்கிறது. அதன் மின்னோட்டத்துக்கும் இதே பட்டைதான் வழி. புதுப் பாட்டரிகள் ஏன் சோர்ந்தன, விளக்கு ஏன் மங்கியது என்பது இப்போது புரிகிறதல்லவா? உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி, கிரீஸ் பூசினோம்.

செல்ஃப் உடனே எடுத்தது. ஆனால் பாலத்தில் திணறல் போகவில்லை. மெக்கானிக் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

எதிர்பார்த்ததுதான். பழைய டீசல் என்ஜினில் தீப்பொறி கிடையாது. அழுத்திச் சூடேறிய காற்றில் டீசல் தானே பற்றுகிறது. பம்பைச் சுழற்றுவதும் என்ஜினே. ஓடத் தொடங்கிய பின் அதற்கு மின்சாரம் வேண்டியதில்லை. எனவே இது வேறு நோய். எப்போது வருகிறது என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "டேங்க் பாதிக்குக் கீழே போனா வருது சார்" என்றார் தந்தை.

டேங்க் தாழ்வாக இருக்கிறது. சிறு ஊட்டுப் பம்ப் டீசலை மேலே உறிஞ்சுகிறது. மட்டம் இறங்க இறங்க, உறிஞ்சு குழாயினுள் அழுத்தம் காற்று மண்டல அழுத்தத்தைவிட மேலும் குறையும். குழாயில் மயிரிழை வெடிப்பு இருந்தால் டீசல் வெளியே சொட்டாது; காற்று உள்ளே புகும். ஆகவே ஈரக்கறையைத் தேடினால் அகப்படாது. டீசலைப் போலன்றிக் காற்று எளிதில் சுருங்கும். நாசில் திறக்க வளி அழுத்தத்தைப்போல் சுமார் 200 மடங்கு வேண்டும். பம்பின் தள்ளலோ குமிழியைச் சுருக்குவதிலேயே வீணாகிறது. முழுச் சுமையில் டீசல் அதிகம் வேண்டும் வேளையில் இழுவை போய்விடுகிறது.

டீசல் ஃபில்டருக்கு முன்னால் ஒரு சாண் கண்ணாடிக் குழாய் போன்ற பிளாஸ்டிக் குழாயைச் செருகி என்ஜினை முடுக்கினோம். வரிசையாகக் குமிழிகள்! டேங்க் அருகே, கிளிப்புக்கு அடியில் ரப்பர்க் குழாய் வெடித்திருந்தது. மெக்கானிக்கே அதைக் கண்டுபிடித்து, புதுக் குழாய் போட்டு, காற்றை வெளியேற்றினார். டீசல் பம்ப் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அன்றிரவு கால் டேங்க் டீசலோடு, மீன் பாரத்தை ஏற்றிக்கொண்டு லாரி பாலம் ஏறியது.