கடல் மேலும் மாறும் ஆறு இலக்கம்

சென்னையில் விமானம் ஏறியதும் போனை ஃப்ளைட் மோடில் போடுங்கள். ஒரு மணி நேரம் கழித்து ஆதென்டிகேட்டர் செயலியைத் திறந்து பாருங்கள். கீழே வங்கக் கடல். சிக்னல் கிடையாது, வைஃபை கிடையாது. ஆனாலும் உங்கள் மின்னஞ்சல் கணக்குக்கான ஆறு இலக்க எண் 30 விநாடிக்கு ஒருமுறை மாறிக்கொண்டிருக்கும். எங்கோ ஒரு நாட்டில் இருக்கும் மின்னஞ்சல் நிறுவனத்தின் கணினியை அந்த நொடியில் கேட்டால், அதுவும் அதே ஆறு இலக்கத்தைத்தான் சொல்லும். நடுவில் ஒரு சேதியும் போகவில்லை, வரவில்லை. இத்தனை வருஷமாகப் பயன்படுத்தியும் இந்த ஒற்றுமை எனக்குப் பழகிப்போகவில்லை.

இதன் அருமை எஸ்எம்எஸ்ஸில் வரும் ஓடிபியோடு வைத்துப் பார்த்தால் புரியும். மகளின் பிரசவத்துக்காக முதன்முறை அமெரிக்கா போகும் ஓர் அம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள். இறங்கியதும் மாப்பிள்ளை உள்ளூர் சிம்மைப் போட்டுக் கொடுக்கிறார். ஊர் சிம் கழன்று பர்ஸின் ஓரத்துக்குப் போகிறது. இரண்டு நாள் கழித்து மின்னஞ்சலைத் திறந்தால், புது ஊரிலிருந்து யாரோ நுழைகிறார்களே என்று அது சந்தேகப்பட்டு ஓடிபி அனுப்புகிறது. அது எந்த எண்ணுக்குப் போகிறதோ அந்த சிம்தான் பர்ஸில் கிடக்கிறதே!

சிம் போனிலேயே இருந்தாலும் பாதை நீளமானது. இந்த எண் இப்போது எந்த நாட்டில், யாருடைய வலைப்பின்னலில் இருக்கிறது என்று ஊர் நிறுவனம் ஒரு பதிவேட்டைப் பார்த்து, செய்தியை அங்கே தள்ளிவிடுகிறது. நாடு விட்டு நாடு நடக்கும் இந்தப் பேச்சுவார்த்தைக்கான ஏற்பாட்டின் பெயர் எஸ்எஸ்7. 1970-களில் உருவானது. அன்று தொலைபேசி நிறுவனங்கள் கொஞ்சம். ஒருவர் சொன்னதை மற்றவர் அப்படியே நம்பினார்கள். அந்த நம்பிக்கைதான் பின்னாளில் ஓட்டையானது. 'அந்த எண் இப்போது எங்களிடம் இருக்கிறது' என்று உள்ளே நுழைந்த ஒருவன் பொய் சொன்னால், எஸ்எம்எஸ் அவனிடம் போய்விடும். 2017-ல் ஜெர்மனியில் இப்படியே நடந்தது. வாடிக்கையாளர்களின் வங்கிக் கடவுச்சொற்களை முதலில் திருடிக்கொண்டார்கள். பிறகு எஸ்எஸ்7 வழியாக ஓடிபியைத் தங்கள் பக்கம் திருப்பிப் பணத்தை எடுத்தார்கள்.

செயலி இந்தப் பாதையில் கால் வைப்பதே இல்லை. முதல் நாள் ஒரு க்யூஆர் படத்தை ஸ்கேன் செய்தீர்கள் அல்லவா, அதற்குள் ஒரு நீண்ட ரகசியம் இருந்தது. அதன் ஒரு பிரதி உங்கள் போனில், மற்றொன்று நிறுவனத்தின் கணினியில். அதற்குப் பிறகு லாகின் செய்யும்போது அந்த ரகசியம் வெளியே வருவதில்லை. இரண்டு பக்கமும் சேர்த்துக்கொள்ளும் இன்னொரு பொருள், நேரம். 1970 ஜனவரி 1, கிரீன்விச் நள்ளிரவு முதல் ஓடிய விநாடிகளை 30-ஆல் வகுத்து, மீதியை விட்டுவிட்டால் ஓர் எண் கிடைக்கும். 2025 புத்தாண்டன்று இந்தியாவில் காலை 5.30 மணி, சிங்கப்பூரில் 8 மணி, லண்டனில் நள்ளிரவு, நியூயார்க்கில் இன்னும் முந்தின நாள் இரவு 7 மணி. அந்தக் கணத்தில் எல்லா ஊரிலும் அந்த எண் 5,78,56,320 தான். ஊருக்கு ஊர் மணி மாறலாம். இந்த எண்ணிக்கை மாறாது.

ரகசியத்தையும் எண்ணிக்கையையும் சேர்த்து அரைக்கும் முறைக்கு எச்மேக் என்று பெயர். மிஹிர் பெல்லாரே, ரான் கனெட்டி, ஹூகோ கிராவ்சிக் என்ற மூவர் 1996-ல் வெளியிட்டது. மாவைப் பார்த்து அரிசி மணியைத் திரும்ப உருவாக்க முடியாததுபோல, விளைவிலிருந்து ரகசியத்தை மீட்க முடியாது. எண்ணிக்கை ஒன்று கூடினாலே விளைவு முழுக்க மாறிவிடும். கிடைக்கும் 20 பைட்டில் ஆறு இலக்கத்தை எங்கிருந்து எடுப்பது? அந்த விளைவின் கடைசித் துணுக்கே இடத்தைச் சொல்கிறது. அங்கிருந்து நான்கு பைட்டை எடுத்து, எண்ணாக்கி, அதன் கடைசி ஆறு இலக்கத்தைத் திரையில் காட்டுகிறது செயலி. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது: எந்த இடத்தில் வெட்ட வேண்டும் என்பதுகூட ஒவ்வொரு அரை நிமிடமும் புதிதாக முடிவாகிறது.

நேரத்தை நம்பியிருப்பதால் பயணத்தில் ஒரு விபரீதம் உண்டு. சிங்கப்பூரில் இறங்கியதும் சிலர் பழைய கைக்கடிகாரத்தைத் திருகுவதுபோல, போனின் மணியைக் கையால் இரண்டரை மணி நேரம் முன்னே தள்ளுவார்கள். நேர மண்டலமோ இந்தியாவிலேயே நிற்கும். உலகம் இரண்டரை மணி நேரம் ஓடிவிட்டதாகப் போன் நம்பிவிடும். எண்ணிக்கை 300 படி தாண்டிவிடும். மறுமுனைக் கணினி பெரும்பாலும் ஓரிரு படிகளைத்தான் பொறுத்துக்கொள்ளும். சரியான ஆள், சரியான போன், ஆனால் எண் தவறு என்று பதில் வரும். தானியங்கி நேரத்தை இயக்கிவிட்டால் போதும், உடனே சரியாகும்.

விமான நிலைய வைஃபையை எண்ணிப் பலர் நடுங்குகிறார்கள். இன்று பெரும்பாலான தளங்கள் மறையாக்கம் செய்தே பேசுவதால், நடுவில் இருப்பவரால் கடவுச்சொல்லைப் படிக்க முடியாது. எனக்குப் பெரிய பயம் போலித் தளம்தான். மின்னஞ்சல் தளத்தின் முகத்தோடு ஒரு பக்கம் திறந்து, நீங்கள் தட்டும் ஆறு இலக்கத்தை அந்த 30 விநாடிக்குள்ளேயே உண்மையான தளத்தில் போட்டுவிட மோசடிக்காரனால் முடியும். எவ்வளவு அழகான கணக்கானாலும் இதைத் தடுக்காது. கடவுச்சொல்லுக்குப் பதில் போனிலேயே இருக்கும் பாஸ்கீ என்ற சாவி தடுக்கும். அந்தச் சாவி தளத்தின் முகவரியோடு பிணைந்தது. ஓர் எழுத்து மாறிய முகவரியில் அது வேலையே செய்யாது. உங்கள் கண் ஏமாந்தாலும் அது ஏமாறாது.

இவற்றையெல்லாம் வீட்டில், ஊர் சிம் போனில் இருக்கும்போதே அமைத்துக்கொள்ளுங்கள். வங்கிகள் இன்னும் எஸ்எம்எஸ்ஸைக் கேட்பதால் ரோமிங்கையும் இயக்கிவையுங்கள். போனே தொலைந்தால்? கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் மாற்றுக் குறியீடுகள் சில கிடைக்கும். அம்மாவுக்காக நீங்களே உட்கார்ந்து அவற்றைத் தெளிவான கையெழுத்தில் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். போன் இருக்கும் கைப்பையில் அது வேண்டாம். பெட்டிக்குள், பாஸ்போர்ட் நகல் இருக்கும் உறையில் இருக்கட்டும். ஒவ்வொன்றும் ஒரே முறைதான் செல்லும் என்பதால், பயன்படுத்தியதை அடித்துவிடப் பேனாவும் கூடவே வையுங்கள்.