உங்களுக்குத் தெரியுமா? காய்ச்சல் விட்ட பிறகுதான் கவனம்!

● 2012 கோடையில் டெங்கு என்றாலே எல்லோர் வாயிலும் அடிபட்ட ஊர் கடையநல்லூர். அப்போது திருநெல்வேலி மாவட்டம்; 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானதும் அதோடு சேர்ந்தது. 2012-ல் தமிழ்நாடு முழுக்க 12,826 பேருக்கு டெங்கு கண்டது. 66 உயிர்கள் போயின.

● டெங்கு வைரஸைக் கொல்லும் மருந்து இன்னும் வரவில்லை. ஆனாலும் நேரத்தில் முறையான சிகிச்சை கிடைத்தால் கடும் டெங்குவில்கூட இறப்பு நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே இறங்கிவிடும். காப்பாற்றுவது தண்ணீரும் உப்பும்தான், அளவறிந்து கொடுத்தால்.

● நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ உடம்பு குளிர்ந்ததும், "காய்ச்சல் விட்டுட்டு, வீட்டுக்குப் போவோம்" என்று கிளம்பிவிடுகிறார்கள். ஆபத்து தொடங்குவதே அப்போதுதான். சிலருக்கு நுண் ரத்தக்குழாய்களிலிருந்து ரத்தத்தின் நீர்ப்பகுதி கசிந்து நெஞ்சுக்கூட்டிலும் வயிற்றிலும் தேங்குகிறது. நோயாளி தெளிவாகப் பேசிக்கொண்டே இருப்பார்; கை கால் மட்டும் சில்லிட்டுப் போகும், நாடி மெலியும். இந்தக் கசிவு 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கும். கசிவு கண்டவர்கள் அந்த இரண்டு நாளை மருத்துவமனையில் கழித்தால் பெரும்பாலும் பிழைத்து வருகிறார்கள். காய்ச்சல் விட்ட பிறகும் தீராத வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், கறுத்த மலம், அசதி, சிறுநீர் குறைவு இருந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

● எல்லோரும் கேட்பது "பிளேட்லெட் எவ்வளவு?" மருத்துவர் அதைவிடக் கூர்ந்து பார்ப்பது ஹெமடோகிரிட். விரல் நுனியில் குத்தி, மெல்லிய கண்ணாடிக் குழாயில் ரத்தம் எடுத்து, இயந்திரத்தில் சில நிமிடம் சுழற்றுவார்கள். சிவப்பணுக்கள் அடியில் படியும், மேலே மஞ்சள் நீர் நிற்கும். சிவப்பின் உயரம் நூற்றுக்கு 35-லிருந்து 42 ஆனால், ஐந்தில் ஒரு பங்கு கூடிவிட்டது; நீர் கசிகிறது என்று பொருள். அதைப் பார்த்துத்தான் டிரிப்ஸின் வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும்.

● கசிந்த நீர் பிறகு தானாக ரத்தத்துக்கே திரும்பும். அப்போதும் டிரிப்ஸ் ஓடினால் நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறும். "இன்னும் ஒரு பாட்டில் ஏத்துங்க" என்று உறவினர்கள் வற்புறுத்தக் கூடாதது இதனால்தான்.

● ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையே டெங்குவுக்குத் துப்புக் கொடுக்கும். மேல் அளவுக்கும் கீழ் அளவுக்கும் நடுவில் காற்றை நிறுத்தி ஐந்து நிமிடம் வைத்துக் கழற்றுவார்கள். கையில் ஒரு சதுர அங்குலத்துக்குள் பத்தோ அதற்கு மேலோ சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால் சந்தேகம் வலுக்கும்.

● காய்ச்சலுக்கு பாராசிட்டமால் மட்டும், அதுவும் மருத்துவர் சொன்ன அளவில். ஆஸ்பிரின், இபுபுரூஃபன் கூடவே கூடாது, ரத்தக்கசிவை அதிகமாக்கும். "ஒரு ஊசி போட்டு விடுங்க" என்று கேட்கும் பழக்கமும் இங்கே ஆபத்து. தசையில் போடும் ஊசியால் உள்ளே ரத்தம் கட்டலாம்.

● பிளேட்லெட் ஏற மாதுளைச் சாறு, பீட்ரூட் சாறு கொடுக்கிறோம். வாந்தி எடுத்தால் அது சாறா, ரத்தமா என்று தெரியாமல் மருத்துவர் திண்டாடுவார். கஞ்சி, இளநீர், மோர், ஓ.ஆர்.எஸ். கரைசல் போதும். 2012-லிருந்து அரசே வழங்கும் நிலவேம்புக் குடிநீரைக் குடிப்பவர்கள், அதை நம்பி ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம்.

● ஏடிஸ் கொசு முட்டையிடுவது தண்ணீர் விளிம்பை ஒட்டிய சுவரில். தொட்டி வற்றினாலும் முட்டை மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். தண்ணீர் பட்டதும் பொரியும். தொட்டியைக் காலி செய்தால் போதாது, சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

● மேற்குத் தொடர்ச்சி மலையின் கர்நாடகப் பகுதியில், 1957-ல் கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தபோது இன்னொரு ரத்தக்கசிவுக் காய்ச்சல் தெரியவந்தது. அதைப் பரப்புவது உண்ணி. அதற்கும் தனி மருந்து கிடையாது.

● கொசு கடித்து 4 முதல் 10 நாளில்தான் டெங்கு காய்ச்சல் வரும். குற்றாலச் சாரலில் நனைந்துவிட்டு ஊர் திரும்பியவருக்கு அடுத்த வாரம் காய்ச்சல் கண்டால், அருவித் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று விட்டுவிடாமல், எங்கே, எந்தத் தேதியில் தங்கினீர்கள் என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.