காமிரா கண்மாய்க் கரைக்கு வரணும்!

பருவநிலை மாற்றத்தைப் படம் எடுப்பது எப்படி? மதுரையில் பாடம் இருக்கு!

மதுரைக்கு மேற்கே, நாகமலைப் புதுக்கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது கீழக்குயில்குடி. ஊரை ஒட்டிச் சமணர் மலை. அடிவாரத்தில் அய்யனார் கோவில், ஆலமரம், தாமரைக் குளம். மலை ஏறினால் செட்டிப்புடவில் பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரர். பேச்சிப்பள்ளத்தில் வரிசையாகச் சிற்பங்கள், வட்டெழுத்துகள். எல்லாம் ஆயிரம் வருஷத்துச் சங்கதி.

லீவு நாள் வந்தால் போதும். செல்போனும் கையுமாக இளவட்டங்கள் வந்து விடுகிறார்கள். தாமரையை எடுக்கிறார்கள், மலையை எடுக்கிறார்கள், தங்களையும் எடுத்துக் கொள்கிறார்கள்.

மலையில் விழுகிற மழைத்தண்ணீர் எந்த ஓடை வழியாக எந்தக் கண்மாய்க்குப் போகிறது, அந்த ஓடை திறந்து கிடக்கிறதா, அடைந்து கிடக்கிறதா என்று படம் எடுப்பவர் எத்தனை பேர்?

பருவநிலை நெருக்கடியைப் படம் எடுக்க இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலை இன்று பல நாடுகளில் நடக்கிறது. ஆனால், பனிப்பாறை உருகுவதையும் வெள்ளைக் கரடி தவிப்பதையும் காட்டினால், மதுரைக்காரர் "அய்யோ பாவம்" என்று சொல்லிவிட்டு ஜோலியைப் பார்க்கப் போய்விடுவார். வெயிலும் வெள்ளமும் தன் வீட்டு வாசலுக்கு வந்த கதை என்றால்தான் நின்று பார்ப்பார்.

சிரிப்பு மட்டும் மிச்சம்!

2017 ஏப்ரல் மாதம். வைகை அணைத் தண்ணீர் ஆவியாகிப் போகாமல் தடுக்க, அன்றைய அமைச்சர் முன்னிலையில் தெர்மாகோல் அட்டைகளை மிதக்க விட்டார்கள். காற்று அடித்தது. அட்டைகள் கரை ஒதுங்கின. அந்த வீடியோ நாடு முழுக்க ஓடியது. இன்றைக்கும் சொன்னால் சிரிப்பார்கள்.

அதற்கு முந்தைய வருஷம் என்ன நடந்தது? 2016 வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதும் வறட்சி பாதித்ததாக அரசே அறிவித்தது. பயிர் கருகியது, குடிதண்ணீருக்குக் குடங்கள் வரிசை கட்டின.

தெர்மாகோல் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது. பஞ்சம் யாருக்கு ஞாபகம் இருக்கிறது? ஒரு நிமிஷ வீடியோ சிரிக்க வைத்தது. வறட்சியின் கதையை முழுசாகச் சொல்லும் படம்தான் ஊரைச் சென்று சேரவில்லை.

தமிழ் சினிமாவுக்குத் தண்ணீர்க் கதை சொல்லத் தெரியாமல் இல்லை. கோமல் சுவாமிநாதன் நாடகத்தை கே.பாலசந்தர் 1981-ல் "தண்ணீர் தண்ணீர்" என்று படமாக்கினார். தேசிய விருது கிடைத்தது. 2022-ல் வந்த மணிகண்டனின் "கடைசி விவசாயி" உசிலம்பட்டிப் பக்கத்துக் கதை. அதில் நடித்த பெரியவர் நல்லாண்டி நடிகரே அல்ல, நிஜமான சம்சாரி.

மதுரையின் "மறுபக்கம்"

செய்திப்படத் துறையிலும் மதுரை பின்தங்கவில்லை. ஆர்.பி.அமுதன் தொடங்கிய "மறுபக்கம்" அமைப்பு, 1998-ல் மதுரையில் ஆவணப்பட, குறும்பட விழாவை ஆரம்பித்தது. மதுரைத் தெருவில் மலம் அள்ளிய ஒரு பெண் தொழிலாளியின் வேலையை 2003-ல் முகம் சுளிக்காமல் படம் எடுத்தவர் அமுதன். பிறகு மணவாளக்குறிச்சி, கல்பாக்கம், கூடங்குளம் என்று கதிர்வீச்சுப் பிரச்னையைத் தேடிப் போனார்.

கீழக்குயில்குடியில் இருந்து சில கிலோ மீட்டரிலேயே மதுரை காமராசர் பல்கலைக்கழகம். அங்கே கல்விப் படங்கள் தயாரிக்கும் மையமே இருக்கிறது. ஆக, கருவிக்கும் ஆளுக்கும் பஞ்சமில்லை. எதைப் பார்ப்பது, எங்கே நின்று பார்ப்பது என்பதில்தான் சங்கதி.

"பட்டேல் ஷாட்" தெரியுமா?

அந்தப் பாடத்தை நடத்தியவர்கள் தெலுங்கானாவின் ஜகீராபாத் பக்கத்துத் தலித் பெண்கள். ஏர் பிடிக்கிற, களை எடுக்கிற கைகள். பலருக்கு எழுத்து வாசனையே கிடையாது. தக்காண வளர்ச்சிக் கழகம் என்ற அமைப்பு இவர்களுக்கு வீடியோ காமிரா பிடிக்கக் கற்றுக் கொடுத்தது.

பள்ளிக்கூடத்துப் பெயர்களை இவர்கள் தூக்கிப் போட்டுவிட்டார்கள். மேலே இருந்து கீழே பார்த்து எடுத்தால் அது "பட்டேல் ஷாட்". பண்ணையார் அப்படித்தானே பார்ப்பார்! கீழே இருந்து அண்ணாந்து எடுத்தால் "அடிமை ஷாட்". கண்ணுக்கு நேராக எடுத்தால் "சங்கம் ஷாட்". சங்கத்தில் எல்லாரும் சமமாக உட்காருகிறார்கள் அல்லவா, அதனால்! தங்கள் படங்களுக்கு அந்தக் கோணமே போதும் என்றார்கள்.

வாரங்கல் வயல்களில் பி.டி. பருத்தி போட்ட விவசாயிகளை ஒரு சாகுபடிக் காலம் முழுக்கப் பின்தொடர்ந்து இவர்கள் எடுத்த படம் 2003-ல் வெளிவந்தது. வெளியூர்க்காரர் ஒரு நாள் வந்து எடுத்துப் போகும் படத்தில் இந்த விவரம் கிடைக்காது.

அசாம் மாநிலம் தேஜ்பூரில் படத் தயாரிப்பாளர் ரீட்டா பானர்ஜி தொடங்கிய "கிரீன் ஹப்" வடகிழக்கு மாநில இளைஞர்களை இதே வழியில் தயார் செய்கிறது. காட்டுக்குப் பக்கத்தில் பிறந்தவன் கையிலேயே காமிராவைக் கொடுப்பது அதன் வழி.

படம் எடுத்து என்ன ஆகும்?

"படம் எடுத்தா மழை பேஞ்சிடுமா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி.

குஜராத் கடலில் திமிங்கலச் சுறாவைக் கொன்று குவித்ததை மைக் பாண்டே படம் எடுத்தார். 2001-ல் அந்த மீன் வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்புக்குள் வந்தது. அதே வருஷம் சென்னையைச் சேர்ந்த சேகர் தத்தாத்ரி, கர்நாடகத்தின் குதுரேமுக் மலையை இரும்புச் சுரங்கம் எப்படித் தின்கிறது என்று காட்டினார். இயற்கை ஆர்வலர்கள் தொடுத்த வழக்குக்கு அந்தப் படம் துணை நின்றது. சுரங்கத்தை மூட 2002-ல் உச்சநீதிமன்றம் உத்தரவு போட்டது. 2005 முடிவில் தோண்டுவது நின்றது.

இரண்டு படத்திலும் உலகத்தையே காட்ட முயலவில்லை. ஒன்றில் ஒரே மீன், மற்றதில் ஒரே மலை!

செல்லூர் வெள்ளம் சொல்லும் கதை

மதுரையில் கதைக்கா பஞ்சம்? 2024 அக்டோபர் 25. பிற்பகலில் கொஞ்ச நேரத்துக்குள் கொட்டித் தீர்த்த மழையில் செல்லூர்ப் பகுதி மிதந்தது. கண்மாய் நிறைந்து, பந்தல்குடி வாய்க்கால் தாங்காமல், வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது.

காற்று 1 டிகிரி சூடேறினால், ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதலாக ஈரத்தைச் சுமக்கும். அதனால் பெய்யும்போது மொத்தமாகக் கொட்டுகிற வாய்ப்பு கூடுகிறது. இது வானத்தின் பங்கு. வாய்க்கால் குறுகியது, குப்பை அடைத்தது மனுஷன் பங்கு. முதல் பங்கை மட்டும் சொல்லும் படம், வாய்க்காலை வளைத்துப் போட்டவனைத் தப்ப விட்டுவிடும். இரண்டாவதை மட்டும் சொன்னால், அடுத்த மழை இன்னும் பெரிசாக வரலாம் என்பது ஊருக்குத் தெரியாமல் போகும். "பேஞ்சும் கெடுக்கும், காஞ்சும் கெடுக்கும்" என்ற பழமொழிக்குள் இரண்டையும் சேர்த்துச் சொல்லக் கற்பதுதான் பயிற்சி.

மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டி இன்னொரு பாடம். 7 மலைகள், 72 நீர்நிலைகள், 200 சுனைகள் என்பது அரசுக் கணக்கு. 2022-ல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். 2024-ல் அந்த வட்டாரத்தை டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டார்கள். ஊர் ஊராக ஜனங்கள் திரண்டார்கள். 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. மலை போனால் கண்மாய்க்குத் தண்ணீர் ஏது என்பது சம்சாரிக்குத் தெரியும். அதனால்தான் மலை பிழைத்தது.

கீழக்குயில்குடிக்கும் அதே கணக்குத்தான். படம் பழகுகிற பிள்ளைகளுக்கு முதல் வேலை இது: மலை உச்சியில் இருந்து மடை வரைக்கும் தண்ணீர் வழியோடு நடக்கணும். பங்குனி வெயிலில் ஒரு தடவை, ஐப்பசி மழையில் ஒரு தடவை எடுக்கணும். மடை எப்போது திறந்தார்கள், மறுகால் எந்த வருஷம் கடைசியாகப் பாய்ந்தது என்று வயசானவர்களைக் கேட்டு எழுதணும். கடைசியில், மந்தையில் வேட்டியைக் கட்டி ஊர் சனத்துக்கே போட்டுக் காட்டணும்.

தப்பு இருந்தால் அங்கேயே யாராவது எழுந்து சொல்லிவிடுவார்கள். அவர்கள் சொன்னதைத் திருத்திக்கொண்டு, அதே படத்தோடு தாலுகா ஆபீசுக்குப் போகலாம்!