இருபத்தெட்டு வயதில் வரும் நோய்

1845 மார்ச் மாதம் எடின்பரோ நகரில் ஒரு கூரைத் தொழிலாளி இறந்தார். ஸ்லேட் கல் வேய்வது அவர் வேலை, வயது 28. இருபது மாதங்களாகத் தீராத களைப்பு, வயிற்றின் இடப்பக்கம் வளர்ந்துகொண்டே போன ஒரு கட்டி. பிரேதப் பரிசோதனை செய்த ஜான் ஹியூஸ் பென்னட், ரத்தத்தில் வெள்ளணுக்கள் மண்டிக் கிடந்ததைப் பார்த்து, ரத்தமே சீழ் பிடித்துவிட்டது என்று முடிவு செய்தார். அதே ஆண்டு பெர்லினில் ருடால்ஃப் விர்ஹோ இதே போன்ற இன்னொரு நோயாளியை ஆராய்ந்து, இது சீழ் அல்ல, தனியொரு ரத்த நோய் என்றார். 1847இல் அதற்கு லுக்கேமியா என்று பெயரும் வைத்தார்; நாம் பிளட் கேன்சர் என்று சொல்வது இதைத்தான். மருத்துவ ஏடுகள் இந்த நோயைத் தெளிவாக விவரித்த முதல் சில மனிதர்களில் ஒருவர், உழைத்துச் சம்பாதிக்கும் வயதில் இருந்த இளைஞர்.

அவருக்கு இருந்தது நாள்பட்ட மைலாய்டு வகை என்றே பிற்கால மருத்துவர்கள் கருதுகிறார்கள். இன்று 28 வயதில் ஒருவருக்கு அந்த வகை வந்தால், பெரும்பாலும் தினமும் சாப்பாட்டோடு 400 மில்லிகிராம் இமாட்டினிப் மாத்திரையும் ஒரு பெரிய டம்ளர் தண்ணீரும் போதும். அடுத்த வாரம் அவர் வேலைக்குப் போய்விடலாம்.

இடையில் கழிந்தது ஒன்றரை நூற்றாண்டு. 1950களில் புசல்ஃபான் வந்தது. பிறகு ஹைட்ராக்சியூரியா வந்தது. இரண்டும் வெள்ளணு எண்ணிக்கையை இறக்கின, நோயை நிறுத்தவில்லை. மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் அது தீவிர நிலைக்குத் தாவிவிடும். 1960இல் பிலடெல்பியாவில் நோவலும் ஹங்கர்ஃபோர்டும் இந்நோயாளிகளின் அணுக்களில் குட்டையான ஒரு குரோமோசோமைக் கண்டார்கள். 9ஆம் குரோமோசோமும் 22ஆம் குரோமோசோமும் துண்டு மாற்றிக்கொண்டதன் விளைவு அது என்று 1973இல் ஜேனட் ரௌலி காட்டினார். அந்த மாற்றத்தால் பிறந்த புரதத்தைக் குறிவைத்து அடக்கும் இமாட்டினிப் மாத்திரைக்கு 2001 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதை முதல் மருந்தாகப் பெற்றவர்களைப் பத்தாண்டுக்கு மேல் தொடர்ந்து பார்த்ததில், 83 சதவீதம் பேர் உயிரோடிருந்தார்கள்.

மேலை நாடுகளில் இந்த வகை அறுபதை ஒட்டிய வயதில் அதிகம் வருகிறது. நம் நாட்டு மருத்துவமனைப் பதிவுகளில் அது நாற்பதை ஒட்டி, சம்பாதிக்கும் வயதில் நிற்கிறது. அதனால் அந்த மாத்திரையின் விலை இங்கே குடும்பங்களின் தலையெழுத்தாக இருந்தது. காப்புரிமை கேட்டு நோவார்டிஸ் நிறுவனம் 1998இல் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில்தான் விண்ணப்பித்தது. 2006இல் அது நிராகரிக்கப்பட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2013 ஏப்ரல் 1 அன்று நிராகரிப்பு உறுதியானது. அப்போது அந்நிறுவனத்தின் மருந்துக்கு மாதம் சுமார் 1,20,000 ரூபாய் ஆனது. இந்திய நிறுவனங்களின் மருந்துக்கு 8,000 முதல் 10,000 ரூபாய்தான் ஆனது. நோவார்டிஸ் பல ஆயிரம் பேருக்கு இலவசமாகவும் கொடுத்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் இலவசம் என்பது கொடுப்பவர் மனத்தைப் பொறுத்தது. மருந்துக்கடையில் விலை இறங்கியதுதான் நிலைத்த லாபம் என்பது என் எண்ணம்.

தீவிர வகைகளின் கதை இத்தனை எளிதல்ல. லிம்ஃபோபிளாஸ்டிக் எனப்படும் வகை பெரும்பாலும் குழந்தைகளைத் தாக்குவது. ஒரு மருந்துக்கு அது முதன்முதலில் அசைந்துகொடுத்தது 1947இல், பாஸ்டனில். சிட்னி ஃபார்பர் 16 குழந்தைகளுக்கு அமினோப்டெரின் கொடுத்தார். 10 பேருக்கு நோய் சில காலம் பின்வாங்கியது. அந்த மருந்தைத் தயாரித்த குழுவின் தலைவர் பீமாவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த யெல்லப்பிரகட சுப்பாராவ். ஆய்வுக் கட்டுரை 1948 ஜூனில் வெளிவந்தது. ஆகஸ்டில் சுப்பாராவ் காலமானார். அன்று பெற்றோருக்குக் கிடைத்தது சில மாதங்கள். இன்று வசதி வாய்ந்த நாடுகளில் இந்த நோய் வந்த குழந்தைகளில் ஏறத்தாழ 90 சதவீதம் பேர் பிழைக்கிறார்கள்.

குழந்தைகள் இப்படி மீண்டுகொண்டிருந்த காலத்தில் பதினேழு, பதினெட்டு வயதுக்காரர்கள் நடுவில் விடுபட்டுப் போனார்கள். அவர்களைக் குழந்தைகள் பிரிவில் சேர்ப்பதா, பெரியவர்கள் பிரிவில் சேர்ப்பதா என்பதை எந்த மருத்துவர் முதலில் பார்த்தார், எந்த வார்டில் கட்டில் காலியாக இருந்தது என்பதெல்லாம் முடிவு செய்தன. 1988க்கும் 2001க்கும் இடையே அமெரிக்காவில் சிகிச்சை பெற்ற, 16 முதல் 20 வயதுக்குட்பட்ட 321 பேரின் பதிவுகளை ஒப்பிட்டு 2008இல் ஓர் ஆய்வு வந்தது. முதல் கட்டச் சிகிச்சையில் இரு தரப்பிலும் 90 சதவீதத்தினருக்கு நோய் அடங்கியிருந்தது. ஏழாண்டு கழித்துப் பார்த்தால், குழந்தைகளுக்கான முறையில் சிகிச்சை பெற்றவர்களில் 67 சதவீதம் பேர் உயிரோடிருந்தார்கள். பெரியவர்களுக்கான முறையில் 46 சதவீதம். வயதும் நோயும் அதேதான். நுழைந்த வாசல் மட்டும் வேறு.

குழந்தை மருத்துவர்கள் அஸ்பராஜினேஸ், வின்கிறிஸ்டின், ஸ்டீராய்டு ஆகியவற்றை அதிகமாகவும், முதுகுத்தண்டு வழியே மூளைக்கான மருந்தைச் சீக்கிரமாகவும் அடிக்கடியும் கொடுத்தார்கள். குறித்த தேதியில் குறித்த ஊசி என்பதில் அவர்கள் இளகுவதில்லை. பக்கத்தில் தாயும் நிற்பாள். பெரியவர்கள் பிரிவில் இருபது வயதுப் பையன் தானே பேருந்து ஏறி வருவான், பரீட்சை என்றால் ஒரு வாரம் தள்ளிப்போடுவான். பின்னர் பெரியவர்களுக்கான மருத்துவர்களே குழந்தைகளின் முறையை 39 வயது வரை நீட்டிப் பார்த்தார்கள். மூன்றாண்டு முடிவில் 73 சதவீதம் பேர் பிழைத்திருந்தார்கள். புது மருந்து எதையும் கண்டுபிடிக்காமலேயே கிடைத்த பலன் இது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் போன இளைஞர்களை நினைத்தால் மனம் ஆறவில்லை.

புரோமைலோசைட்டிக் என்ற இன்னொரு தீவிர வகை இளவயதில் அதிகம் காணப்படுவது. 1957இல் நார்வேயின் ஹில்லெஸ்டாட் அதை முதலில் விவரித்தபோது, ரத்தம் கொட்டிச் சில வாரங்களில் முடிந்துவிடும் நோய் என்றுதான் எழுத முடிந்தது. இன்று பெரியவர்களுக்கு வரும் தீவிர லுக்கேமியாக்களிலேயே மிகுதியாகக் குணமாவது இதுதான். வைட்டமின் ஏ வழிவந்த ஒரு மாத்திரையை ஷாங்காய் மருத்துவர்களும், நம்மூரில் வெள்ளைப் பாஷாணம் என்று அறியப்பட்ட ஆர்செனிக் டிரை ஆக்சைடை ஹார்பின் மருத்துவர்களும் கொண்டுவந்தார்கள். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் 72 நோயாளிகளுக்கு ஆர்செனிக்கை மட்டுமே முதல் மருந்தாகக் கொடுத்து, 86 சதவீதம் பேருக்கு நோய் முழுதாக அடங்கியதை 2006இல் வெளியிட்டார்கள். அளந்து நரம்பில் ஏற்றும் இந்த மருந்தை யாரும் சூரணக் கடையில் தேடக் கூடாது. முதல் சில நாட்களில் மூளையில் ரத்தக் கசிவு ஏற்படும் அபாயம் மட்டும் இன்றும் முழுதாக நீங்கவில்லை.

மருந்து மட்டும் போதாதவர்களுக்குச் செய்யும் எலும்பு மஜ்ஜை மாற்றத்தில்தான் காலத்தின் முரண் வெளிப்படையாகத் தெரிகிறது. உடன்பிறந்த ஒருவரின் மஜ்ஜை முழுதாகப் பொருந்த 25 சதவீத வாய்ப்பு உண்டு. ஐந்து பேர் உடன்பிறந்திருந்தால், அவர்களில் ஒருவராவது பொருந்தும் வாய்ப்பு 76 சதவீதமாகிறது. நம் தாத்தா பாட்டி காலத்து வீடுகளில் அந்த ஐந்து பேரும் இருந்தார்கள். மஜ்ஜையை மாற்றும் சிகிச்சைதான் அப்போது இல்லை. இந்தியாவின் முதல் மஜ்ஜை மாற்றம் 1983இல் மும்பை டாடா மருத்துவமனையில் நடந்தது, வேலூரில் 1986இல். இன்று சிகிச்சை இருக்கிறது. வீட்டில் ஒரு தங்கையோ தம்பியோ மட்டும், பல வீடுகளில் அவரும் இல்லை. அந்தக் குறையை ஈடுகட்டத்தான் 2009இல் சென்னையில் தாத்ரி கொடையாளர் பதிவேடு தொடங்கியது. பாதிப் பொருத்தமுள்ள தாய் தந்தையிடமிருந்தே எடுத்துக்கொள்ளும் முறையும் பரவிவிட்டது. முன்பு இடுப்பெலும்பில் ஊசி இறக்கி எடுத்ததை, இப்போது பெரும்பாலும் கையில் ஊசி போட்டு ரத்தத்திலிருந்தே பிரித்தெடுக்கிறார்கள்.

கிடைத்தவற்றோடு இழந்தவையும் உண்டு. கீமோதெரபி மகப்பேற்றுத் திறனைப் பாதிக்கலாம்; அதை ஆரம்பிக்குமுன் விந்தணுவையோ கருமுட்டையையோ சேமித்து வைக்க வழியிருந்தும், அந்த அவசரத்தில் பல குடும்பங்கள் பேசக் கூசுகின்றன. அன்று நோயின் பெயரை நோயாளியிடமிருந்து மறைத்தார்கள். இன்று அவர் கைப்பேசியிலேயே படித்துவிடுகிறார். மறைப்பது சம்பந்தம் பேச வருகிறவர்களிடம் மட்டும். குணமான பிறகும் தொடரும் இந்த ஒளிவு, மீண்டவர்களை நம் கண்ணில் படாமல் ஆக்கிவிட்டது. பிளட் கேன்சர் என்றால் நமக்கு இன்னமும் திரையில் கைக்குட்டையில் இருமும் கதாநாயகன்தான் நினைவுக்கு வருகிறான்.

உண்மையான அடையாளங்கள் அப்படி இருப்பதில்லை. காரணமின்றி நீளும் காய்ச்சல், படியேற முடியாத களைப்பு, பல் துலக்கும்போது நிற்காத ரத்தம், அடிபடாமலே தோன்றும் நீலத் தடம், கெண்டைக்காலில் விரலால் அழுத்தினாலும் மறையாத சிவப்புப் புள்ளிகள். ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடி வில்லையில் தேய்த்து, லீஷ்மன் சாயமேற்றி, எண்ணெய்த் துளியிட்டு நுண்ணோக்கியில் பார்க்கும் பழைய ஸ்மியர் சோதனைதான் இன்றும் முதல் வாசல். ரத்த அணுக்களை எண்ணும் பெரிய இயந்திரங்கள் வந்த பிறகும், அவை எச்சரித்த ரத்தத்தை ஒரு மனிதக் கண் பார்க்க வேண்டியிருக்கிறது.

உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு இந்த அடையாளங்கள் தெரிந்தால் முழு ரத்த எண்ணிக்கையும் ஸ்மியரும் எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் ரத்தசோகையோ வைரஸ் காய்ச்சலோதான் இருக்கும். ஆனால் அந்த முடிவு வருமுன் காய்ச்சலுக்கென்று ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்ள வேண்டாம். அது நோயைச் சில வாரம் மறைத்துவிடும். லிம்ஃபோபிளாஸ்டிக் வகை என்று உறுதியானால், நாற்பது வயதுக்குட்பட்டவருக்குக் குழந்தைகளுக்கான சிகிச்சைமுறை பொருந்துமா என்று முதல் நாளே மருத்துவரிடம் கேளுங்கள்.